ஜெல் என்று 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அக்ரிலிக் வைத்து அனுப்பிவிட்டார்கள்: செயற்கை நகம் வைக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கியதிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் போடவில்லை. கோவையில் ரீல்ஸ் போட்டே கூட்டம் சேர்த்த ஒரு நெயில் ஸ்டுடியோ, அவ்வளவுதான். எந்த வகை நகம் யாருக்குச் சரி என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

தம்பி கல்யாணம். நாத்தனார் முடிச்சு போடுவது நான். அந்தக் கை எல்லா போட்டோவிலும் வரும், என் நகமோ கடித்துக் கடித்து மொட்டையாக இருக்கும். கடையில் விலைப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒட்டுகிற ரெடிமேட் நகம் 600, அக்ரிலிக் 2,500, சாஃப்ட் ஜெல் எக்ஸ்டென்ஷன் 4,800. அக்ரிலிக்கே போதும் என்றுதான் போனேன். ஆனால் எனக்கு நாள் முழுக்கக் கீபோர்டில் தட்டுகிற வேலை, கல்யாணம் முடிந்ததும் நகத்தை எடுத்தாக வேண்டும். அதைச் சொன்னதும் கடையில் நகம் வைக்கிற பெண், "அப்ப சாஃப்ட் ஜெல் வைங்கக்கா, அசிட்டோன்ல, அதான் நெயில் பாலிஷ் எடுக்கிற திரவத்துல, ஊற வெச்சா கழண்டு வந்துரும், எங்கம்மா ஒரு நிச்சயத்துக்கு வந்தப்ப அவங்களுக்கே இதான் வெச்சு விட்டேன்" என்றாள். அம்மாவுக்கே வைத்தேன் என்கிற பெண்ணை எப்படிச் சந்தேகப்படுவது? 4,800 ரூபாயையும் உட்காருவதற்கு முன்னாலேயே ஜிபே பண்ணினேன்.

இனி நடந்ததைக் கவனியுங்கள், ஏமாற்று வேலை முழுக்க இங்கேதான். சாஃப்ட் ஜெல் என்றால் முழு நகம் மாதிரி மெல்லிய டிப் (நகத்தின் மேல் ஒட்டுகிற துண்டு), அதை ஜெல் வைத்து ஒட்டி, விளக்குக்கு அடியில் காட்டி இறுக வைக்க வேண்டும். இவள் என்ன செய்தாள்? நக நுனியில் சின்ன டிப்பைப் பசை போட்டு ஒட்டினாள், சின்னக் கிண்ணத்தில் ஏதோ திரவம் ஊற்றினாள், பிரஷை அதில் நனைத்துப் பவுடரில் தொட்டு, ஈர உருண்டையாக எடுத்து நகத்தின் மேல் பரப்பினாள். மூக்கைப் பொத்திக்கொள்கிற நாற்றம். "ஜெல்லுக்கு லைட் வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். கேட்டேன், அதுதான் வயிறு எரிகிறது! "இது புது ஜெல்லுக்கா, காத்துலயே காஞ்சுரும்" என்றாள். கடைசியில் பளபளப்புக்கு மேல் பூச்சு போட்டு, அதை மட்டும் ஒரு நிமிஷம் விளக்கில் காட்டினாள். எனக்கும் திருப்தியாகிவிட்டது. பவுடரும் திரவமும் சேர்ந்தாலே அது அக்ரிலிக் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2,500 ரூபாய் வேலையை 4,800-க்கு என் தலையில் கட்டிவிட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டி சீட்டைத் தூக்கும்போது கட்டைவிரல் நகம் மாட்டியது. ஒட்டின நகம் உடையவில்லை, கீறல்கூட விழவில்லை, என் சொந்த நகம்தான் பாதியிலிருந்து பிய்ந்து அதோடு போனது. அன்றைக்கு ரசம் சோறு ஸ்பூனில் சாப்பிட்டேன்.

மிச்ச ஒன்பது விரலையும் கழட்ட வேறொரு பார்லருக்குப் போனேன். நாற்பது நிமிஷம் அசிட்டோனில் ஊறியும் கல் மாதிரி அப்படியே இருந்தது. அந்த அக்காதான் சொன்னார், ஒழுங்கான அக்ரிலிக் ஈஎம்ஏ (எத்தில் மெத்தாக்ரிலேட்) என்கிற திரவத்தில் செய்வது, அது ஊறினால் இளகும், இது மலிவான எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) மாதிரி இருக்கிறது என்று. பாட்டிலைப் பார்க்காமல் என்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் நாற்றம், கல் மாதிரி இறுக்கம், ஊறாதது எல்லாம் பொருந்துகிறது. முழுக்க எம்எம்ஏ திரவத்தில் செய்த நகங்களால் காயப்பட்டவர்கள் புகார் கொடுத்து, அமெரிக்காவில் 1970-களிலேயே உணவு, மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ நடவடிக்கை எடுத்திருக்கிறது. இங்கே 4,800 ரூபாய்க்கு என் விரலில்! கடைசியில் டிரில் மிஷின் வைத்துத் தேய்த்துத்தான் எடுத்தார், அதற்குத் தனியாக 900.

கடைக்காரர்கள் பதிலைக் கேளுங்கள். போனில், "கைய எங்கயாவது இடிச்சிருப்பீங்க." வாட்ஸப்பில் ரத்தம் கட்டின விரலைப் படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. அவர்கள் ரீல்ஸ் கீழே கமெண்ட் போட்டேன், அழித்துவிட்டு என்னை பிளாக் பண்ணினார்கள். நேற்று நேரில் போனால் மேனேஜர், "உங்க நகம் ஆயிலி மேடம், யாருக்கும் இப்படி ஆனதில்ல" என்கிறார். ஜெல் என்று காசு வாங்கினீர்களே என்றால் பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் "நெயில் சர்வீஸ் – 4,800" என்று மட்டும்தான் இருக்கிறது! ஜெல்லும் இல்லை, அக்ரிலிக்கும் இல்லை. அப்புறம் பெரிய மனது பண்ணி, அடுத்த முறை வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். அடுத்த முறையாம்! அந்தப் பெண்ணோ உள்ளே வேறொருத்தருக்கு அதே கிண்ணத்தில் பிரஷை நனைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் பதிவு செய்திருக்கிறேன். தோல் டாக்டர், நகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக வர ஆறு மாசம் ஆகும் என்றார்.

சரி, சொன்ன டிப்ஸ். பவுடர், கிண்ணம், பிரஷ் வந்தால் அது ஜெல் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். திரவ பாட்டிலின் லேபிளைக் கேளுங்கள், காட்டவில்லை என்றால் வேண்டாம். என்ன வகை என்பதைப் பில்லில் எழுத வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். ஒரு நாள் விசேஷத்துக்கு அந்த 600 ரூபாய் ஒட்டு நகமே தாராளம். வகை வகையாகப் பிரித்து எழுதத்தான் நினைத்தேன், கட்டைவிரல் கட்டோடு இதற்குமேல் டைப் பண்ண முடியவில்லை.