லினக்ஸ் மடிக்கணினிக்கு இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை அட்டை

லினக்ஸ் இயங்குதளத்தில் வைஃபை வேலை செய்யாதபோது பெரும்பாலும் அட்டை பழுதாகியிருப்பதில்லை. கணினி தொடங்கும்போது அட்டைக்குள் ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் (அட்டையை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) கோப்பு வட்டில் இல்லாமல் போயிருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனின் மடிக்கணினியில் இருந்த பழைய அட்டையின் ஃபர்ம்வேரைப் பிறர் விநியோகிக்க அதன் தயாரிப்பாளர் அனுமதிக்காததால், லினக்ஸை நிறுவும் ஒவ்வொரு முறையும் அதைத் தனியே தரவிறக்க வேண்டியிருந்தது. அதற்கோ இணையம் வேண்டும். எனவே சிங்கப்பூரில் கணினிப் பொருள்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் 35 வெள்ளிக்கு ஏஎக்ஸ்210 அட்டையை வாங்கிப் பொருத்தினோம். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இதன் இயக்கி, அதாவது இயங்குதளம் அட்டையைப் பயன்படுத்த உதவும் நிரல், 5.10 பதிப்பு முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இதற்கான ஃபர்ம்வேர் முன்னதாகவே நிறுவப்பட்டிருக்கும். மற்றொரு வகையான டெபியனில், 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வ நிறுவியிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு கெர்னல், ஃபர்ம்வேர் தொகுப்பு இரண்டையும் புதுப்பிப்பது நல்லது, ஏனெனில் ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால் இயக்கி கேட்கும் பதிப்பு கிடைக்காமல் போகலாம்.

கெர்னல் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி பிழை எண் -2 உடன் வருவதைக் கண்டு பலர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க நினைக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கோப்பு இல்லை என்பதே பொருள். இயக்கி தனக்குத் தெரிந்த மிகப் புதிய பதிப்பை முதலில் தேடி, அது இல்லையெனில் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதால், சில பிழை வரிகளுக்குப் பின் ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டதாக ஒரு வரி வந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. பொருத்தமான ஃபர்ம்வேர் எதுவுமே கிடைக்கவில்லை என்று முடிந்தால்தான் தொகுப்பைப் புதுப்பித்துக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். ஒற்றைக் கோப்பை மட்டும் எங்கிருந்தோ நகலெடுத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. அதனுடன் வர வேண்டிய பிஎன்விஎம் என்ற துணைக் கோப்பு விடுபட்டுவிடும்.

வேகத்தில் குறையில்லை, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலும் இணைப்பு அறுவதில்லை. ஆன்டெனா இணைப்பிகள் மிகச் சிறியவை என்பதால் பொறுமையாக அழுத்திப் பொருத்த வேண்டும். வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள்: பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் ஏஎக்ஸ்211, அதற்கு ஆதரவுள்ள இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும், ஏஎம்டி செயலி உள்ளவர்கள் ஏஎக்ஸ்210 என்றே கேட்டு வாங்க வேண்டும்.