துகள் பரவலைக் காட்டும் ஓர் உருவகச் செயலி: ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தடைகளில் மோதித் திரியும் துகளின் பாதையைக் கணித்துக் காட்டும் இந்த இலவசச் செயலியில், வட்டத் தடைகளைக் கொண்ட லோரன்ஸ் மாதிரியும், பால், தத்தியானா எரன்ஃபெஸ்ட் தம்பதியர் 1912இல் முன்வைத்த, சதுரத் தடைகளைக் கொண்ட ‘காற்று–மரம்’ மாதிரியும் உள்ளன. இரண்டாவதற்காகவே இதைத் தரவிறக்கலாம் என்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண்.

வளைந்த பரப்பில் மோதும்போது, மயிரிழை விலகிய இரு பாதைகள் அடுக்குக்குறி வேகத்தில் பிரிந்துவிடுகின்றன, அதுவே கேயாஸ். தட்டையான சுவர்களில் அத்தகைய பிரிவு இல்லை, இந்தப் பிரிவின் வேகத்தை அளக்கும் லியபுனோவ் எண் சுழியம். ஆயினும், சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தாறுமாறாகத் தூவி ஆயிரம் துகள்களை ஓடவிட்டபோது, சராசரி இருபடி இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து விலகிய தூரத்தின் இருபடிச் சராசரி, வழக்கமான பரவலில் போலவே ஏறத்தாழ நேரத்துக்கு நேர்விகிதமாக உயர்ந்தது. துகளின் ஓட்டத்தில் எங்கும் பகடை உருட்டப்படவில்லை. தாறுமாறு முழுவதும் தடைகள் கிடக்கும் விதத்திலிருந்தே வருகிறது. நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான அசைவான பிரௌனிய இயக்கத்தை அளந்து நுண்ணுலகக் கேயாஸுக்குச் சான்று கண்டதாக 1998இல் ஓர் ஆய்வு அறிவித்தபோது, கேயாஸ் இல்லாமலும் அத்தகைய பரவல் வரும் என்று காட்ட, அடுத்த ஆண்டே எழுந்த மறுப்பு இந்த மாதிரியைத்தான் முன்னிறுத்தியது.

சதுரங்களை வரிசையாக அடுக்கவும் வசதி உண்டு. அப்போது ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் தூரம் நேரத்தின் 2/3 அடுக்கில், அதாவது வழக்கமான பரவலின் 1/2 அடுக்கைவிட விரைவாக, வளரும் என்பது 2014இல் வெளியான நிறுவல். செயலியோ அது தெளிவாகத் தெரிவதற்குள் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. உதவிப் பக்கமும், உள்ளபடி சொன்னால், பெயரளவுக்குத்தான்.