பெட்ஃபோர்ட் மாடி இங்கிலீஷ் வகுப்பு: இரண்டு மாதம் போய் வந்த அனுபவம்

குன்னூரில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். போன டிசம்பரில் தங்கிய ஒரு அம்மா ஸ்வெட்டரை மறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல நினைத்து, 'வீ ஆர் லுக்கிங் ஆஃப்டர் யுவர் ஸ்வெட்டர்' என்று அனுப்பினேன். ஸ்வெட்டர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பர்லியார் வரை இறங்கியவர் அத்தனை வளைவும் திரும்ப ஏறி வந்தார். ஸ்வெட்டர் கிடைக்கவே இல்லை. அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'ஆஃப்டர்' இருந்த இடத்தில் 'ஃபார்' இருந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மாலை. மொத்தம் 1,500 ரூபாய்.

சொல்லிக்கொடுப்பவர் ரிட்டயர் ஆன தமிழ் டீச்சர். அதுதான் இந்த வகுப்பின் பலம். முன்பு வேறொரு இடத்தில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு', 'ஃபார்', 'அட்' வரும் என்று பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், ஒன்றும் நிற்கவில்லை. இவர் முதல் நாளே வேற்றுமை உருபில் ஆரம்பித்தார். 'பாட்டைக் கேள்' என்பதில் ஐ தான் இருக்கிறது, அதனால் நாம் 'லிசன் த சாங்' என்று விட்டுவிடுகிறோம். அங்கே 'டு' வேண்டும். 'ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதில் கு இருக்கிறது, அதனால் 'ரீச்டு டு ஊட்டி' என்கிறோம்; அங்கே 'டு' கூடாது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது, பின்னால் 'அபவுட்' எதற்கு என்று கேட்டார். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

உதாரணமும் நம் ஊரிலிருந்தே வரும். மலை ரயில் ஸ்டேஷனுக்கு வந்தால் 'அரைவ்டு அட்', விருந்தாளி ஊருக்கு வந்தால் 'அரைவ்டு இன்'. தேயிலை மழையை நம்பி இருப்பதால் 'டிபெண்ட்ஸ் ஆன்'. ஒருவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால் 'அக்ரீ வித்', சொன்ன ரேட்டுக்குச் சம்மதித்தால் 'அக்ரீ டு'. இந்தக் கடைசி ஜோடி எனக்குத் தினமும் உதவுகிறது.

குறையும் உண்டு. பன்னிரண்டு பேர் உட்காரும் அறையில் இருபது பேர். ஜெராக்ஸ் தாள் பாதி மங்கல். ஏழரைக்கு முடிவதால் உபதலைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். 'லுக் அட்', 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' மூன்றையும் கடைசி ஞாயிறு அரை மணியில் முடித்துவிட்டார். நான் வந்ததே அதற்காகத்தான். சேருகிறவர்கள் இந்தப் பாடத்தை முதல் மாதமே எடுக்கச் சொல்லுங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்.