மேடைப்பேச்சு கிளாஸ்: மூணாவது வாரத்துக்காகவே சேரலாம்

மதுரையில ஒரு மேடைப்பேச்சு பயிற்சி கிளாஸ்ல நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்துட்டு வந்திருக்கேன், ஃபீஸ் 1,800 ரூபா, காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும். முதல் ரெண்டு வாரம் மைக்க எப்படி புடிக்கணும், மூச்ச எங்க விடணும்னு போச்சு, அத யூடியூப்லயே பாத்துக்கலாம். மூணாவது வாரம் தான் விஷயமே, அரசியல் கோஷம் எப்படி வேலை செய்யுதுன்னு.

அன்னைக்கு சார் போர்டுல 1967 தேர்தல்ல திமுக அரிசிக்கு சொன்ன "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு எழுதிட்டு இதுல என்ன இருக்குன்னு கேட்டாரு. கடைசி வார்த்தை ஒரே ஓசையா முடியுற இயைபு இருக்குன்னோம். அது சரி, அப்ப ஜனம் அரிசிக்கு அல்லாடுனத யோசிங்கன்னாரு. காங்கிரஸ் அணை கட்டுனோம், பள்ளிக்கூடம் தொறந்தோம்னு பேசுது, திமுக படி என்ன விலைன்னு பேசுது, கேள்வியே மாறிப்போச்சு. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் பெரிய காரணம் தான், ஆனா அடுப்படி வரைக்கும் போனது படிக்கணக்குன்னு தான் எனக்கு தோணுது. அதுலயும் 'லட்சியம்'ங்கறது எவ்வளவு ஜாக்கிரதையான வார்த்தை பாருங்க, மூணு படிக்கு வாக்குறுதியே கிடையாது. ஜெயிச்சப்புறம் ஒரு படி திட்டத்த சென்னையிலயும் கோவையிலயும் ஆரம்பிச்சாங்க, நிதி தாங்காம தொடர முடியல. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் "மூணு படி போடுறேன்னாங்கல்ல"ன்னு தான் சொல்லும், ஒரு படி அதுக்கு ஞாபகத்துலயே நிக்கல.

அப்புறம் ராஜ்யசபால அண்ணா பேசுன காக்கா கதை. இந்தி பேசுறவங்க ஜாஸ்தி, அதனால அது தான் ஆட்சிமொழின்னு சொன்னதுக்கு, எண்ணிக்கை தான் கணக்குன்னா தேசியப் பறவையா மயில் எதுக்கு, காக்கா தானே இருந்திருக்கணும்னு கேட்டாரு. இந்தி பேசுறவங்க எத்தன பேருன்னு புள்ளிவிவரத்தோட மல்லுக்கட்டவே இல்ல, பெரும்பான்மைங்கறது ஒரு காரணமான்னு எல்லாரையும் யோசிக்க வச்சுட்டாரு. 1971ல 'இந்திரா ஹடாவோ'ன்னவங்களுக்கு இந்திரா காந்தி 'கரீபி ஹடாவோ'ன்னு திருப்பிக் குடுத்ததும் சார் சொன்னாரு, என்னைய வெரட்டணும்ங்கறாங்க, நான் வறுமைய வெரட்டணும்ங்கறேன்னு. எதிராளியோட வார்த்தையே கைக்கு வந்துருச்சு. 2014ல ஜெயலலிதா கேட்ட 'மோடியா லேடியா' எனக்கு அவ்வளவா ஒட்டல, அதிமுக 39ல 37 ஜெயிச்சது உண்மை, ஆனா நம்ம தொகுதில நிக்கிறவரு யாருங்கற பேச்சே அதுல காணாமப் போயிருச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது மத்திய அரச 'ஒன்றிய அரசு'ன்னு சொல்றது பத்தின பேச்சு. அதுல ரைமிங்கே கிடையாது. அரசியல் சட்டத்தோட முதல் பிரிவுலயே இந்தியா மாநிலங்களின் ஒன்றியம்னு இருக்கு, 2021ல இருந்து திமுக அரசு அதையே விடாம சொல்லிச்சு, எதிர்த்தவங்களும் 'ஒன்றியம்னு சொல்லாதீங்க'ன்னு சொல்றதுக்காகவாவது அந்த வார்த்தைய சொல்ல வேண்டியதாச்சு. இப்ப என் வாய்லயே மத்திய அரசு வர மாட்டேங்குது.

குறை என்னன்னா, இந்த மாதிரி கோஷம் நம்ம மேல வந்து விழுந்தா எப்படி பதில் சொல்றதுன்னு சொல்லித் தரல, கேட்டதுக்கு அது தனி கோர்ஸ், தனி ஃபீஸ்னாங்க. நாலாவது வாரம் போட்டில, அவங்க தெருவுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு நோட்டுல குறிச்சு வச்சு பேசுன பொண்ணுக்கு ஒண்ணும் குடுக்கல, அடுக்குமொழியா அடிச்ச பையனுக்கு கப்பு. எனக்கு மனசே ஆறல.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். சேர்றவங்க பேசப் போற விஷயத்த முன்னாடியே எழுதிட்டு போங்க, மூணாவது வாரம் அத வச்சு சார்கிட்ட கேள்வி கேளுங்க, அவரு போர்டுல எழுதுறத விட அவருக்கு தெரிஞ்சது ஜாஸ்தி.