போர்ட் திறக்க எந்த வழி? முதலில் வான் ஐபியைப் பாருங்கள்

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் கேபிள்காரரே ஃபைபரும் இழுத்துத் தருகிறார். பெட்டியை மாட்டி, வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பிளேஸ்டேஷனில் ‘நாட் டைப் 3’ (வெளியிலிருந்து வரும் இணைப்பு தடைபடுகிறது) என்று வரும்போதுதான் போர்ட் என்ற பேச்சே வீட்டுக்குள் நுழைகிறது. போர்ட் என்றால் அந்த இணைப்பு உள்ளே வருகிற, எண் போட்ட வாசல்.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். அவை நிறுவனத்தின் சர்வரோடு பேசுகிற ஆட்டங்கள். போர்ட் திறந்தால் பிங் (சர்வரின் பதில் வர ஆகும் நேரம்) குறையும் என்பது வீண் நம்பிக்கை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தவும், கன்சோலில் நண்பர்களோடு வாய்ஸ் சாட் அறுபடாமல் ஆடவும்தான் இது உதவும்.

கன்சோலுக்கு என் தேர்வு யூபிஎன்பி. ரவுட்டரில் அதை ஆன் செய்தால் போதும், வேண்டிய போர்ட்டைக் கன்சோலே கேட்டுத் திறந்துகொள்ளும். ஆனால் கேட்பது யார் என்று ரவுட்டர் பார்க்காது, பாஸ்வேர்டும் கேட்காது. கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் கேட்டாலும் திறந்துவிடும். கண்ட கண்ட மலிவு கேமராவும் ஸ்மார்ட் பல்பும் உள்ள வீட்டில் இதை ஆஃப் செய்து வைப்பதே நல்லது.

சர்வர் நடத்துகிறவருக்கு, கையால் எழுதும் போர்ட் ஃபார்வர்டிங்தான் சரி: இந்தப் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதும் விதி. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு 25565, டிசிபி. பெட்ராக் பதிப்புக்கு 19132, யூடிபி. தகவல் அனுப்பும் இரண்டு முறைகளான இந்த டிசிபி, யூடிபியை மாற்றிப் போட்டுவிட்டு ரவுட்டரைத் திட்டுகிறவர்கள் நிறைய. அந்தக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டரிலேயே ஐபியை ரிசர்வ் செய்யவும் வேண்டும். நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு. இடிக்குக் கரண்ட் போய் வந்தபின் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி விழுந்தால், நீங்கள் எழுதிய விதி ஆளில்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எல்லாப் போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் டிஎம்இசட்? வாசல் கதவையே கழற்றி வைப்பது. சோதனைக்கு ஐந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பலருக்கு ஒன்றும் நடக்காது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது வெளிப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள்: இணைப்பு தருகிற நிறுவனத்தார் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். அடைப்பு அவர்கள் பக்கம். உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கலாம். அது கேபிள்காரர் வைத்த பெட்டி என்றால் அதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி) போடச் சொல்லுங்கள்.

சிஜிநாட்டுக்கு வழி இரண்டு. மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது ஐபி) வாங்கலாம். அல்லது தூரத்துக் கம்ப்யூட்டர்களை ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற மென்பொருளைச் சர்வரிலும் நண்பர்களின் கம்ப்யூட்டரிலும் போடலாம். காசும் இல்லை, போர்ட்டும் திறக்க வேண்டாம். கன்சோலில் மட்டும் இவற்றை நிறுவ முடியாது.

வளைகுடாவில் இருக்கும் மகன் வீட்டு கேமராவைப் பார்க்க வேண்டும் என்று டிவிஆருக்கு (கேமராக் காட்சியைப் பதியும் பெட்டி) போர்ட் திறந்து தருகிறார்கள் சிலர். 2016-இல் மிராய் என்ற மால்வேர், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. டிவிஆர் பார்க்க டெயில்ஸ்கேலே போதும். வீட்டில் எப்போதும் ஓடுகிற ஒரு பழைய கம்ப்யூட்டரை அதற்குச் சப்நெட் ரவுட்டராக (வீட்டிலுள்ள மற்றக் கருவிகளை எட்ட வழிவிடும் இணைப்பாக) வைத்தால், மகன் தன் போனிலிருந்தே பார்த்துக்கொள்வான்.