போனா, ரெக்கார்டரா? கைத்தட்டச்சா, தானியங்கியா? வாய்மொழி வரலாற்றுப் பேட்டிக்கு எது தோது

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய நான்கிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். ஒலி மங்கலாக இருந்தால் எட்டும் போதாது. அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே, பின்னால் உட்கார்ந்து எழுதப்போகிறவரின் காதை நினைத்துக்கொள்வது நல்லது.

போனும் ரெக்கார்டரும்

போனின் மைக் அவ்வளவு மோசமில்லை. தொல்லை கொடுப்பது உள்ளே இயங்கும் மென்பொருள். தணிந்த பேச்சைத் தானாக ஏற்றும், இரைச்சல் என்று தோன்றுவதை வெட்டும். வயதானவர்கள் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் இறங்கும், வெட்டு விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். வினைமுற்று கடைசியில் வரும் தமிழில் இது பெரிய நஷ்டம். அவர் போனாரா, போகவில்லையா என்பதே தெரியாமல் போய்விடும்.

ரெக்கார்டரில் லெவலை, அதாவது ஒலி எவ்வளவு பலமாகப் பதிய வேண்டும் என்பதை, நாமே வைக்கலாம். வழக்கமான பேச்சின் உச்சம் திரையின் லெவல் மீட்டரில் -12 டெசிபெல் அருகே நின்றால் போதும், திடீர்ச் சிரிப்புக்கும் இடம் இருக்கும். போன் மட்டும்தான் கையில் என்றால் ஏரோபிளேன் மோடு கட்டாயம். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்.

ஆனாலும் காசு குறைவென்றால் முதலில் வாங்க வேண்டியது காலர் மைக். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டித்தால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். விலையுயர்ந்த ரெக்கார்டரை மேசையில் ஒரு மீட்டர் தள்ளி வைப்பதைவிட, தாடைக்கு ஒரு சாண் கீழே குத்திய சாதாரண காலர் மைக் தெளிவாகக் கேட்கும். சங்கிலியும் சால்வையும் உரசாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள்.

பிளக்கையும் கவனியுங்கள். 3.5 மி.மீ. பிளக்கில் மூன்று கருப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு என்றால் ரெக்கார்டருக்கோ கேமராவுக்கோ. மாற்றிச் செருகினால் போன் எந்த எச்சரிக்கையும் தராமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். காலர் மைக்கை நகத்தால் சுரண்டி, பதிவை ஓட்டிப் பாருங்கள். சுரண்டல் பலமாகக் கேட்டால்தான் அது வேலை செய்கிறது.

ரெக்கார்டரின் உண்மையான மேன்மை இரண்டு மைக்கில் தெரியும். கேட்பவர் இடது சேனலில், சொல்பவர் வலது சேனலில் பதிவானால், இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் ஒருவரை அடக்கிவிட்டு மற்றவரைக் கேட்கலாம்.

கோப்பு வகையில் பெரிய விவாதம் வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி. 128 கேபிபிஎஸ் எம்பி3 மணிக்கு 58 எம்பிதான், ஆனால் அப்படிச் சுருக்கும்போது எறிந்த ஒலி விவரம் திரும்ப வராது. வேவில் பதிந்து பத்திரப்படுத்துங்கள், தட்டச்சுக்கு எம்பி3 நகல் போதும்.

எழுத்துப்படி

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளில், ஓபன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட விஸ்பரை நம் கணினியிலேயே ஓட்டலாம். வெளியே போகக் கூடாத பேட்டிகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் அது ஒலியை 30 விநாடித் துண்டுகளாகப் படிக்கிறது. நீண்ட மௌனம் வந்தால் யாரும் பேசாத வாக்கியத்தைக் கற்பித்து எழுதும், அல்லது முந்தைய வரியையே திரும்பத் திரும்ப அடிக்கும். பேசுவது யார் என்றும் பிரித்துக் காட்டாது. "வந்துட்டாங்க" என்றது "வந்துவிட்டார்கள்" ஆகிவிடவும் கூடும், வட்டார வழக்கு அங்கேயே தொலையும். கைத்தட்டச்சின் பிழை கண்ணில் படும். விஸ்பரின் பிழை சுத்தமான வாக்கியமாக நிற்பதால் ஒலியோடு ஒப்பிடாமல் பிடிபடாது. எந்தப் பேச்சு எங்கே வருகிறது என்று தேட விஸ்பர் போதும், மேற்கோள் காட்டும் படியைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

கையால் எடுக்க உதவும் ஓடிரான்ஸ்கிரைப் என்ற கருவி இலவசம், உலாவியிலேயே ஓடும். எஸ்கேப் விசை ஒலியை நிறுத்தி ஓட்டும், கண்ட்ரோல்+ஜே நேரக்குறி போடும். ஒவ்வொருவர் பேச்சையும் தனி அடுக்கில் வைக்கும் ஈலன் என்ற மென்பொருள் மொழியாய்வாளருக்கு உகந்தது, மற்றவர்களுக்குச் சுமை.

மணிக்கணக்கில் பதிவு குவிந்து ஆள் குறைவாக இருந்தால் முழுப் படியைத் தள்ளிவைத்துப் பொருளடைவு போடுங்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் உள்ள நன் வாய்மொழி வரலாற்று மையம் உருவாக்கிய ஓம்ஸ் (OHMS) என்ற மென்பொருள் இதற்கானது. தலைப்பு மாறும் இடங்களில் நேரம், தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றைக் குறித்தால் போதும். பிறகு அதிகம் கேட்கப்படும் பேட்டிகளுக்கு மட்டும் முழுப் படி எடுக்கலாம். அப்போதும் புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் [கேட்கவில்லை 00:41:12] என்று விட்டுவையுங்கள், பேசியவரிடமே கேட்டுத் திருத்தலாம்.