மாவட்டப் பட்டியலை எங்கே வைப்பது: நிரலிலா, அட்டவணையிலா?

இணையப் படிவத்தின் டிராப்டவுனில் (விரியும் தேர்வுப் பட்டியலில்) எதைத் தேர்ந்தாலும் சர்வருக்கு வந்து சேர்வது வெறும் எழுத்துச்சரம்தான். பட்டியலில் இல்லாததையும் கர்ல் (படிவமே இல்லாமல் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி) வழியாக அனுப்பிவிடலாம் என்பதால், சர்வரில் சரிபார்க்க வேண்டுமா என்பதில் விவாதம் இல்லை. எதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. தமிழ்நாட்டு மாவட்டமும் வட்டமும் கேட்கும் ஒரு முகவரிப் படிவத்துக்கு, நிரலில் எழுதிய பட்டியலை விட்டுத் தரவுத்தள அட்டவணையை நான் தேர்ந்தேன்.

நிரலில் வைப்பது எளிது, வேகமும் கூட. பிஎச்பி நிரல்மொழியில், ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் இன்_அரே செயற்கூற்றைப் பயன்படுத்துவோர் தரவு வகையும் பொருந்த வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது அளவுருவாக ட்ரூ கொடுத்துவிட வேண்டும், இல்லையெனில், 8.0க்கு முந்தைய பதிப்புகளில், பட்டியலில் 0 என்ற எண் இருந்தால் 'சென்னை' என்ற சொல்லும் தேறிவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 2019 தொடக்கத்தில் 32 ஆக இருந்த மாவட்டங்கள் 2020 முடிவதற்குள் 38 ஆயின. நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தபோது சீர்காழி வட்டமும் அதனுடன் சென்றது. புதிய பெயரைச் சேர்ப்பது எந்த வழியிலும் சிரமமில்லை. சிக்கல் பழைய பதிவுகளில்தான். நாகப்பட்டினம்–சீர்காழி என்று முன்பே பதிந்தவர் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்ற வந்தால், அந்த இணையை நீக்கிவிட்ட நிரல் அவரைத் திருப்பி அனுப்பும். நீக்காமல் விட்டாலோ, புதிதாக வருபவரும் அதையே பதிவார். அட்டவணையில் அந்த வரிசையை அழிக்காமல் 'நடப்பில் இல்லை' என்று குறித்து, புதிய பதிவுக்கு நடப்பிலுள்ளவற்றை மட்டும், திருத்தத்துக்கு அவற்றோடு அந்தப் பதிவில் ஏற்கெனவே உள்ள இணையையும் ஏற்றுக்கொண்டால் இரண்டும் தீரும்.

மாவட்டம், வட்டம் இரண்டையும் தனித்தனியே சரிபார்த்தால் சென்னை–சீர்காழியும் தேறும் என்பதால், இரண்டு புலங்களையும் சேர்த்தே ஃபாரின் கீ (மதிப்பு வேறோர் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற தரவுத்தளக் கட்டுப்பாடு) அமைக்க வேண்டும். படிவத்தைத் தொடாமல் நேரடியாகத் தரவை ஏற்றும் ஸ்கிரிப்டும் அப்போது தப்பாது. ஆனால் ஃபாரின் கீ இருப்பை மட்டுமே பார்க்கும், நடப்பில் உள்ளதா என்பதை வினவலில்தான் (தரவுத்தளத்திடம் நிரல் கேட்கும் கேள்வியில்தான்) பார்த்தாக வேண்டும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தரும் எனம் புலம் (அனுமதித்த மதிப்புகளின் பட்டியலைத் தன்னுள்ளேயே கொண்ட புலம்) இடைப்பட்ட வழிபோலத் தோன்றினாலும், தவறான மதிப்பை மறுக்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் பயன்முறை அணைந்திருந்தால் தவறான மதிப்பை மறுக்காமல் எச்சரிக்கையோடு வெற்றுச் சரமாகச் சேமித்துவிடும்; அதை நான் விரும்பவில்லை.

'ஆம்/இல்லை' போன்ற மாறாத தேர்வுகளுக்கு அட்டவணை வீண், அங்கே நிரலே போதும். ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் ஒரு வினவல் கூடுவது என் சிறிய தளத்தில் உறுத்தவில்லை. கோரிக்கைகள் குவியும் தளங்களில் இதை நான் சோதித்ததில்லை, அங்கே கேஷ் (பட்டியலின் தற்காலிக நகல்) தேவைப்படலாம். அப்படி வைத்தால், அட்டவணை மாறும்போதெல்லாம் கேஷை அழிக்கும் வேலையும் கூடவே வரும்.